ஆறு கேள்வி, ஒரு காலண்டர் அட்டை: படுக்கைப்புண் வருமான்னு முன்கூட்டியே பார்ப்பது எப்படி?

முதல் வருஷம், முதல் நாள். எல்லாரையும் எழுப்பி ஊர் பேர் கேட்டாங்க. நான் "எப்போதும்வென்றான்" என்றேன். "தம்பி, பிடிச்ச படம் எதுன்னு கேட்கல, ஊர் எதுன்னு கேட்டேன்" என்று பதில் வந்தது. வகுப்பே சிரிச்சுது. அன்னையிலிருந்து யார் கேட்டாலும் "கோவில்பட்டி பக்கம்" என்று சொல்லித் தப்பிச்சுக்குவேன். ஆனா ஊர் நிஜமா இருக்கு. எட்டயபுரத்தைத் தாண்டி தூத்துக்குடி போற நாலுவழிச் சாலையில வரும். ரெண்டு பக்கமும் கரிசல் காடு, வெயில் காலத்துல நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும்.

அந்த ஊர்ல, எங்க வீட்டுல, போன வருஷம் ஒரு விஷயத்துல நாங்க தோத்தோம். அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. தலைப்பைப் பார்த்துட்டு "இது நர்சிங் காலேஜ் பாடமாச்சே"ன்னு அடுத்த பக்கம் போயிடாதீங்க. இதுல கொஞ்சம் மெக்கானிக்ஸ் இருக்கு, கொஞ்சம் கணக்கு இருக்கு. முக்கியமா, உங்க வீட்டுலயும் ஒருநாள் இது தேவைப்படலாம்.

எங்க ஆச்சிக்கு (அம்மாவோட அம்மா) சித்திரை மாசம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துட்டு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்தாங்க. பார்த்துக்கிட்டது சித்தி. அதுக்காகத் தீப்பெட்டி ஆபீஸ் வேலையையே விட்டுட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஏய்யா, நீதான் இங்கிலீஷ் படிச்சவன், என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு"ன்னாங்க. நான் ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன். மாத்திரை பேர், வேளை எல்லாம் சரியாச் சொன்னேன். கடைசியில ஒரு வரி: "பேக் கேர், பொசிஷன் சேஞ்ச் க்யூ2ஹெச்". அது என்னன்னு எனக்குப் புரியல. முக்கியமா இருந்தா பெரிசா எழுதியிருப்பாங்கன்னு நினைச்சு விட்டுட்டேன். சித்திகிட்ட சொல்லவே இல்ல.

'க்யூ2ஹெச்' என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. லத்தீன் சுருக்கம். கூகுள்ல தேடியிருந்தா பத்து செகண்ட் ஆகியிருக்கும். நான் தேடல. பதினாறாம் நாள் சித்தி போன் பண்ணி, "ஆச்சி பக்கத்துல ஒரு மாதிரி வாடை அடிக்குது, இடுப்புக்குக் கீழ தோல் உரிஞ்சிருக்கு"ன்னாங்க. நான் ஊருக்குப் போய்ப் பார்க்கும்போது அந்தப் புண்ணுக்குள்ள கொழுப்பு தெரிஞ்சுது.

அந்தப் பதினாறு நாள்ல வீட்டுல எல்லாரும் ஆச்சியை நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. அன்புல குறை இல்ல. எதைப் பார்க்கணும்னு தெரியலங்கிறதுதான் குறை. எதைப் பார்க்கணும்கிறதை ஆறு கேள்வியில் அடக்க முடியும். அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

முதலில், புண் எப்படி வருது?

படுத்தே கிடந்தால் தோல் தேய்ஞ்சு புண் வருதுன்னுதான் நாம நினைக்கிறோம். பாதிதான் உண்மை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவுல சதை மாட்டிக்கிது. அந்த அழுத்தத்துல சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கும். ரத்தம் போகாது, ஆக்சிஜன் போகாது, திசு செத்துப்போகும். அழுத்தம் அதிகமா விழறது எலும்புக்குப் பக்கத்துல. அதனால பல நேரம் சேதம் உள்ளே ஆரம்பிச்சு வெளியே வரும். தோல்ல ஓட்டை தெரியும்போது உள்ளே ஏற்கெனவே பெரிசா நடந்து முடிஞ்சிருக்கும்.

எவ்வளவு அழுத்தம்? 1930-ல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் நக ஓரத்தில் உள்ள நுண்குழாய்களில் ரத்த அழுத்தத்தை அளந்தார். ரத்தம் உள்ளே நுழையும் பக்கத்தில் சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம் வந்தது. நம்ம யூனிட்டுக்கு மாத்துங்க: 32-ஐ 13.6-ஆல் பெருக்கினால் 435 மில்லிமீட்டர் தண்ணீர். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 44 கிராம். ஒரு முட்டையோட எடைகூட இல்ல! இது ஆரோக்கியமான விரலில் எடுத்த அளவு, எல்லா உடம்புக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்துற எல்லைக்கோடு கிடையாது. ஆனா எவ்வளவு சின்ன எண்ணைப் பத்திப் பேசுறோம்னு புரியுதுல்ல?

அப்போ நமக்கெல்லாம் ஏன் புண் வரல? நாலு மணி நேரம் செமஸ்டருக்கு உட்கார்ந்து படிக்கிறோமே? ஏன்னா நாம அசைஞ்சுக்கிட்டே இருக்கோம். வலிக்கும், மரத்துப்போகும், நமக்கே தெரியாம புரண்டுக்குவோம். அந்த வலியோட அருமையை உலகத்துக்குச் சொன்ன ஒருத்தர் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்தார், வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்தார். தொழுநோயாளிகளுக்கு விரல் போவது நோய் சதையைத் தின்பதால் இல்ல, உணர்ச்சி போனதால் காயமும் அழுத்தமும் தெரியாமல் போவதால்தான் என்று அவர் காட்டினார். படுக்கைப்புண்ணும் அதே குடும்பம்தான். உடம்பு அலாரம் அடிக்காத இடம், இல்ல அடிச்சும் நகர முடியாத இடம்.

இன்னொரு விசை இருக்கு: வெட்டு விசை. நாம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச ஷியர் ஸ்ட்ரெஸ்தான். நோயாளிக்குத் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கிறோம். உடம்பு கீழே சறுக்கப் பார்க்கும், தோல் பெட்ஷீட்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். எலும்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் இழுத்தால் நடுவுல குழாய் முறுக்கிக்கும். சாய்வு 30 டிகிரியா இருந்தா மேலுடம்பு எடையில் பாதி சறுக்கும் திசையில் போகும், ஏன்னா சைன் 30 என்பது 0.5. அதையே 60 டிகிரி ஆக்கினா 0.87. அதனாலதான் சாப்பாட்டு நேரம் தவிர மத்த நேரத்தில் 30 டிகிரிக்கு மேல உயர்த்தாதீங்கன்னு சொல்றாங்க. சாப்பிடும்போது மட்டும் நிமிர்த்தணும், இல்லேன்னா புரையேறும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு இறக்கிடணும்.

எண்ணிப் பார்க்கிற பழக்கம் எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால முதுகுத்தண்டு அடிபட்டவங்க பெரும்பாலும் பிழைக்க மாட்டாங்க. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் ஆளைக் கொண்டுபோகும். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு ஆரம்பிச்சு, இரவு பகல் பாராமல் நோயாளிகளைத் திருப்பிப் போட வச்சார். 'இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை' என்ற வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இது எங்கேயோ இங்கிலாந்துக் கதைன்னு விட்டுடாதீங்க. 1975-ல் நம்மளை மாதிரியே நாலாம் வருஷ இன்ஜினியரிங் மாணவர் ஒருத்தர், எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடல் தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-ல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் ஆரம்பிச்சதுதான் அமர் சேவா சங்கம். தன்னைப் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பேரைத்தான் அதுக்கு வச்சார். முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கான மறுவாழ்வுப் பணியும் அங்கே நடக்குது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருத்தர் இத்தனை வருஷம் வேலை செஞ்சிருக்கார் என்றால், அவர் தோலை தினமும் யாரோ கவனிச்சுக்கிட்டே இருந்திருக்காங்கன்னு அர்த்தம்.

சரி, ஒரு வார்டுல முப்பது பேர் இருக்காங்க. எல்லாரையும் ஒரே மாதிரி கவனிக்க ஆள் கிடையாது. யாருக்கு ஆபத்து அதிகம்? 1962-ல் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியரும் அவரோடு சேர்ந்தவர்களும் முதியோர் வார்டில் ஆய்வு செஞ்சு ஐந்து அம்சங்களுக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தாங்க. அதுக்கப்புறம் 1985-ல் வாட்டர்லோ, 1987-ல் பிரேடன். அமெரிக்காவைச் சேர்ந்த பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவரும் உருவாக்கிய பிரேடன் ஸ்கேல்தான் இன்னைக்கு உலகத்துல ரொம்பப் பரவலா இருக்கு. நாம பார்க்கப் போறதும் அதுதான்.

ஆறு கேள்வி

ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை மார்க். கடைசிக் கேள்விக்கு மட்டும் 1 முதல் 3. மார்க் குறைஞ்சா ஆபத்து கூடும். நம்ம இன்டர்னல் மார்க் மாதிரியேதான். ஆச்சிக்கு வீட்டுக்கு வந்த அன்னைக்கே போட்டிருக்க வேண்டிய மார்க்கையும் பக்கத்துல எழுதுறேன்.

1. உணர்வு. அழுத்துது, வலிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுதா? தெரிஞ்சா சொல்ல முடியுதா? எதுக்குமே அசையாம இருந்தா 1. வலிச்சா முனகுவாங்க, அவ்வளவுதான் என்றாலோ, உடம்பில் பாதிக்கு உணர்ச்சி இல்லை என்றாலோ 2. கூப்பிட்டா பதில் உண்டு, ஆனா எப்பவும் சொல்ல முடியல, இல்ல ஒரு கை காலில் உணர்ச்சி குறைவு என்றால் 3. குறையே இல்லேன்னா 4. ஆச்சிக்குப் பேச்சு குழறுச்சு, வலது கை காலில் உணர்ச்சி மந்தம். மார்க் 3.

2. ஈரம். வியர்வை, சிறுநீர், மலம். எப்பவும் நனைஞ்சே இருந்தா 1. ஒரு நாளில் பல தடவை துணி மாத்த வேண்டியிருந்தா 2. வழக்கத்தை விட ஒரு தடவை கூடுதலா மாத்தினா 3. பெரும்பாலும் காய்ஞ்சிருந்தா 4. எங்க வீட்டுல சித்திரை வெயில், டயப்பர், மெத்தை நனையக் கூடாதுன்னு விரிச்ச ரப்பர் ஷீட். மார்க் 2.

3. நடமாட்டம். படுக்கையை விட்டு எழவே இல்லேன்னா 1. தூக்கி உட்கார வச்சா நாற்காலியில் உட்காருவாங்க என்றால் 2. கொஞ்சம் நடப்பாங்க 3. நல்லா நடப்பாங்க 4. ஆச்சிக்கு 1.

4. அசைவு. இது நடமாட்டம் இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. படுத்த இடத்திலேயே தானா புரள முடியுதா என்பதுதான் கேள்வி. கொஞ்சம்கூட முடியாது 1. எப்பவாவது லேசா அசைவாங்க, ஆனா முழுசாப் புரள முடியாது 2. சின்னச் சின்னதா அடிக்கடி தானே அசைவாங்க 3. தடையே இல்ல 4. ஆச்சிக்கு 2.

5. சாப்பாடு. வச்சதுல மூணில் ஒரு பங்குக்கு மேல சாப்பிடுறது அபூர்வம், புரதம் ரொம்பக் குறைவு என்றால் 1. பாதி சாப்பிடுறாங்க 2. பாதிக்கு மேல, பருப்பு, பால், முட்டை எல்லாம் உண்டு 3. எல்லாத்தையும் நல்லாச் சாப்பிடுறாங்க 4. ஆச்சிக்கு அரைத் தட்டு, அதுவும் பெரும்பாலும் கஞ்சி. தாராளமாப் போட்டாலும் 2.

6. உரசலும் சறுக்கலும். தூக்கும்போது பெட்ஷீட்ல இழுபடுறாங்களா? அடிக்கடி கீழே சறுக்குறாங்களா? ஆமான்னா 1. கொஞ்சம் உண்டு 2. இல்லவே இல்ல 3. ஆச்சி தன்னோட பழைய கயித்துக்கட்டில்தான் வேணும்னு பிடிவாதம். நடுவுல தொய்ஞ்ச கட்டில், உடம்பு குழியை நோக்கிச் சறுக்கிக்கிட்டே இருக்கும். சித்தி ஒரே ஆளா அக்குள்ல கையைக் கொடுத்து மேலே இழுப்பாங்க. மார்க் 1.

கூட்டுங்க: 3 + 2 + 1 + 2 + 2 + 1 = 11.

மொத்தம் 23-க்கு. 19-உம் அதுக்கு மேலயும் வந்தா பெரிய ஆபத்து இல்ல. 15 முதல் 18 வரை லேசான ஆபத்து, 13-14 நடுத்தரம், 10 முதல் 12 வரை அதிகம், 9-உம் அதுக்குக் கீழயும் மிக அதிகம். ஆச்சி 11. புண் வர்றதுக்குப் பதினாறு நாள் முன்னாலேயே அஞ்சு நிமிஷத்துல இதைக் கண்டுபிடிச்சிருக்கலாம்.

மார்க் புண்ணைத் தடுக்காது

இங்கேதான் நான் முதல்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நம்மளுக்கு எல்லாமே மொத்த மார்க்தானே? ஆனா இந்த ஸ்கேலில் கூட்டுத்தொகை யாரை முதல்ல பார்க்கணும்னு மட்டும்தான் சொல்லும். என்ன செய்யணும்னு சொல்றது ஒவ்வொரு வரியும். ரெண்டு பேருக்கு 14 வரலாம். ஒருத்தருக்கு ஈரம் பிரச்சினை, இன்னொருத்தருக்குச் சாப்பாடு பிரச்சினை. ரெண்டு பேருக்கும் ஒரே ஏர் பெட்டை வாங்கிப் போட்டா ஒருத்தருக்குக்கூட முழுசா உதவாது. இப்படி ஸ்கேல் போட்டு மார்க் எடுப்பதாலேயே புண் குறையுதுன்னு ஆராய்ச்சிகளில் தெளிவா நிரூபணம் ஆகல. 2019-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் இதையே சொல்லுது. அதனால மார்க் போட்டு சுவத்துல ஒட்டினா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. எங்கே 1, எங்கே 2 விழுந்திருக்குன்னு பார்த்து, அங்கே கை வைக்கணும்.

எங்க வீட்டுல இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு சிஸ்டர். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவங்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து கொடுப்பதும் அதே திட்டத்தில் உண்டு. புண் வந்த பிறகு நாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செஞ்சோம். சிஸ்டர் கட்டு மாத்த வந்தாங்க. முதல் நாளே கட்டிலைச் சுத்தி ஒரு தடவை பார்த்துட்டு, பழைய தினசரிக் காலண்டர் அட்டையைக் கேட்டு வாங்கி, அதோட பின்பக்கத்துல ஆறு வரி எழுதினாங்க. அப்புறம் வரி வரியா வேலை.

ஈரம்: ரப்பர் ஷீட்டுக்கு மேலே எப்பவும் ரெண்டா மடிச்ச பருத்தி வேட்டி. டயப்பர் ராத்திரிக்கு மட்டும், பகல்ல நேரம் பார்த்து பெட்பேன். துடைச்சு ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. பவுடரை அள்ளிக் கொட்டக் கூடாது, ஈரத்தோட சேர்ந்து கட்டியாகி அதுவே உரசும்.

சாப்பாடு: ஆபத்தில் இருக்கும், சரியாகச் சாப்பிடாத முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேணும் என்றது 2014-ல் வந்த சர்வதேச வழிகாட்டி. ஆச்சி 44 கிலோ. அப்போ 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். கஞ்சியை மட்டும் வச்சு எங்கே போறது? முட்டை, பருப்பு, பால், மீன், வறுத்த நிலக்கடலையை நைசா அரைச்சுக் கூழில் கலக்குறதுன்னு சித்தி ஒரு கணக்கு போட்டாங்க. கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊர்ப்பக்கம் இருந்துக்கிட்டு கடலைக்கா பஞ்சம்! ஆனா முழுக் கடலை கொடுக்கக் கூடாது, புரையேறும். சிறுநீரகக் கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்காம புரதத்தைக் கூட்டவே கூடாது.

உரசல்: தொய்ஞ்ச கயித்துக்கட்டில் போச்சு. ஆச்சி ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. அக்குள் பிடிச்சு இழுக்கிறதும் நின்னுச்சு. இடுப்புக்குக் கீழ ஒரு கெட்டித் துணியை மடிச்சுப் போட்டு, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சுத் தூக்கி நகர்த்தணும். அடுத்த வீட்டு அத்தை அதுக்காகவே ஒரு நாளைக்கு நாலு தடவை வந்துட்டுப் போவாங்க.

அசைவு: திருப்புறது. நேர் பக்கவாட்டில் போட்டா இடுப்பெலும்பு குத்தும். அதனால முதுகுக்குப் பின்னால தலையணை வச்சு 30 டிகிரி சாய்வா இடது, அப்புறம் மல்லாக்க, அப்புறம் வலது. குதிகால் படுக்கையில் படவே கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழ தலையணை வச்சா குதிகால் அந்தரத்தில் நிக்கும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை? நான்சி பெர்க்ஸ்ட்ராம் தலைமையில் அமெரிக்க, கனடா முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. 2 மணி, 3 மணி, 4 மணி இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தாங்க. புண் வருவதில் பெரிய வித்தியாசம் தெரியல. ஆனா அவங்க எல்லாரும் அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவங்க. கயித்துக்கட்டிலுக்கும் கோரைப்பாய்க்கும் அந்தக் கணக்கு செல்லாது. எங்களுக்கு சிஸ்டர் சொன்னது: பகல்ல ரெண்டு மணிக்கு ஒருக்கா, நல்ல மெத்தை வந்த பிறகு ராத்திரியில மூணு மணிக்கு ஒருக்கா.

ஏர் பெட் வாங்கினா ஒரு டெஸ்ட் செஞ்சு பாருங்க. ஆள் படுத்திருக்கும்போது மெத்தைக்குக் கீழே, இடுப்புக்கு நேரா, உள்ளங்கையை மேல்நோக்கி விடுங்க. எலும்பு கையில் தட்டுப்பட்டா காத்து போதல. கரண்ட் போனா மோட்டார் நின்னுடும், அப்போ அது வெறும் பிளாஸ்டிக் ஷீட். ஏர் பெட் இருந்தாலும் திருப்புறதை நிறுத்த முடியாது.

செய்யக் கூடாதது ரெண்டு. புண் வரப்போற இடத்தில் தேங்காய் எண்ணெய் போட்டுச் சூடு பறக்கத் தேய்க்கிறது. உள்ளே ஏற்கெனவே அடிபட்ட திசு, தேய்ச்சா இன்னும் சிதையும். இன்னொண்ணு, நடுவுல ஓட்டை உள்ள வளையத் தலையணை, சும்மாடு மாதிரி சுத்தின துணி. ஓட்டைக்குள்ள அழுத்தம் இல்லாம இருக்கலாம், ஆனா வளையத்தோட விளிம்பு சுத்தி வர ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

நம்ம தோல்ல சிவப்பு தெரியாது

புத்தகத்துல முதல் நிலைக்கு அடையாளம் 'சிவந்த தோல்'. விரலால் அழுத்தி எடுத்தா வெளுக்கணும், வெளுக்காம சிவப்பாவே நின்னா ஆபத்து ஆரம்பிச்சாச்சு. இதெல்லாம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினது. எங்க ஆச்சி கரிசல் மண் நிறம். சித்தி தினமும் உடம்பு துடைக்கும்போது பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. சிவப்பே தெரியல. "கொஞ்சம் கருத்த மாதிரி இருந்துச்சு, வெயில் காலம்தானேன்னு விட்டுட்டேன்"ன்னு அழுதாங்க.

கருத்த தோல்ல கண்ணை மட்டும் நம்பாதீங்க. புறங்கையை வச்சுப் பாருங்க: பக்கத்துத் தோலை விடச் சூடா இருக்கா, இல்ல குளிர்ந்திருக்கா? விரலால் தொடுங்க: கெட்டியா, இல்ல பொதபொதன்னு இருக்கா? பேச முடிஞ்சவங்கன்னா கேளுங்க: அங்கே வலி, எரிச்சல் உண்டா? சுத்தி உள்ள தோலை விட அந்த இடம் கருத்து, ஊதா கலந்து தெரியுதா? ஏதாவது ஒண்ணுக்கு 'ஆமா' என்றால் அந்தப் பக்கம் படுக்க வைக்கிறதை உடனே நிறுத்தணும். இடுப்புக்குக் கீழ் முக்கோண எலும்பு, இடுப்பின் ரெண்டு ஓரம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை, காது. மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் தோலில் அழுத்துற இடத்தையும் விடாதீங்க. தோல் திறந்துட்டா, கருத்த பொருக்கு கட்டினா, வாடை, சீழ், காய்ச்சல் வந்தா வீட்டு வைத்தியம் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அலாரம் அடிச்சா யார் திருப்புவா?

இதெல்லாம் நடந்துக்கிட்டிருந்தப்போதான் ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்பு கேட்டாங்க. பெட்ஷீட்டுக்குக் கீழ அழுத்த சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ரெண்டு மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தம் இருந்தா போனுக்கு அலாரம். பிரமாதமான ஐடியான்னு நினைச்சு சிஸ்டர்கிட்ட படம் வரைஞ்சு காட்டினேன். பொறுமையாப் பார்த்துட்டு, "நல்லாயிருக்கு தம்பி. அலாரம் அடிச்சா யார் திருப்புவா?"ன்னு கேட்டாங்க.

பதில் இல்ல. வீட்டுல சித்தி ஒரே ஆள். என் சென்சார் அவங்க தூக்கத்தைக் கெடுத்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அப்புறம் அளக்கிற வேலையை விட, திருப்புற வேலையைச் சுலபமாக்க ஏதாவது செய்யணும்னு புரிஞ்சுது. ஒரே ஆள் ஒரு பக்கம் நின்னு, ஒரு கைப்பிடியைச் சுத்தி, ஆளை 30 டிகிரி சாய்க்கிற மாதிரி ஒரு துணிச் சட்டகம். அதுதான் இப்போ எங்க டீமோட புராஜெக்ட். இன்னும் முடியல. வொர்க்ஷாப்ல வெல்டிங் மூணு தடவை விட்டுப்போச்சு. முடிஞ்சா அடுத்த இதழ்ல எழுதுறேன்.

ஆச்சியோட புண் மூட அஞ்சு மாசம் ஆச்சு. ரெண்டாம் மாசத்துல இருந்து தினமும் ரெண்டு வேளை நாற்காலியில் உட்கார வச்சோம். அப்போ அட்டையில் மறுபடி மார்க் போட்டோம்: உணர்வு 3, ஈரம் 3, நடமாட்டம் 2, அசைவு 2, சாப்பாடு 3, உரசல் 2. மொத்தம் 15. பக்கவாதம் அப்படியேதான் இருந்தது. உணர்வும் அசைவும் ஒரு மார்க்கூட ஏறல. ஏறின நாலும் நாங்க கை வச்ச நாலு வரி.

இப்போ உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுலயோ தெருவுலயோ படுக்கையில் யாராவது இருக்காங்களா? இந்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒரு அட்டையை எடுத்து ஆறு வரி எழுதுங்க. பார்த்துக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்து, அவங்களைக் கேட்டு மார்க் போடுங்க, ஏன்னா அவங்களுக்குத்தான் தெரியும். 18-உம் அதுக்குக் கீழயும் வந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு பண்ணுங்க. வாரம் ஒரு தடவையும், உடம்பு நிலைமை மாறினா உடனேயும், மறுபடி போடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை உங்ககிட்ட படிக்கச் சொன்னா கடைசி வரி வரைக்கும் படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க. புரியாத வரி இருந்தா புரியலன்னு சொல்லி, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க.

அட்டை இன்னும் எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்போ ஆச்சி திண்ணையில நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் இடது கையால தலையணையைக் காட்டி, குழறின குரல்ல, "ராசா, நேரமாச்சு, திருப்பி வை"ன்னாங்க. சித்தி கடிகாரத்தைப் பார்த்தாங்க. சரியாத்தான் சொல்லியிருந்தாங்க.